ஊரான் வீட்டு நெய்

வில்னியஸில் காலை பதினொன்று.
கெரிஞ்சியில் மாலை ஐந்து, மழை இருட்டு.
பதினெட்டாம் மாடியில் எங்கள் திரைகள் எல்லாம்
ஒரே நேரத்தில் ஒரு கடிதத்தைத் திறந்தன.
உரிமம் ரத்து.
இனி ஒரு காசும் வாங்காதீர்கள்.
திருப்பிக் கொடுக்க மட்டும் அனுமதி.

நான் பார்த்திராத நாடு அது.
பனி எப்படிக் குளிரும் என்று தெரியாது.
எத்தனை யூரோவுக்கு மேல் போனால்
பாஸ்போர்ட் கேட்க வேண்டும் என்று தெரியும்,
பத்தி எண்ணோடு.

வேலைக்குச் சேர்ந்த வாரம்
ரசா என்பவள் திரைக்குள்ளிருந்து பாடம் எடுத்தாள்:
வாடிக்கையாளர் பணம் ஒரு கணக்கில்,
கம்பெனிப் பணம் வேறு கணக்கில்,
ஒரு ராத்திரிகூட
இரண்டும் ஒரே பாயில் படுக்கக் கூடாது.
நாற்பது பக்கம்.
ஹஸ்லினா கொட்டாவி விட்டாள்.
நான் ஓரத்தில் கிறுக்கினேன்:
ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.
ஒரு பழமொழியைத் தடுக்க
ஒரு கண்டமே சட்டம் போட்டிருக்கிறதே என்று
அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

பந்தாய் டாலாமில் என் ஃபிளாட்டின் நாலாம் மாடியில்
தனபாக்கியம் அக்கா கூட்டு பிடிக்கிறார்.
பன்னிரண்டு பேர், மாதம் முந்நூறு ரிங்கிட்,
பள்ளிக்கூட நோட்டில் கணக்கு.
மூலதனம் இல்லை, தணிக்கை இல்லை.
கணவர் இறந்த மாதம்கூட
மூன்றாம் தேதி பணம் உரியவர் கைக்குப் போனது.
இந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில்
நம் சொல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது:
கூட்டு.
தடை என்ற சொல்லுக்குப் பக்கத்து இருக்கையில்.
அக்காவிடம் சொன்னேன்.
"எழுத்துப் பிழை இல்லாம போட்டிருக்காங்களா?" என்றார்.

இரவு ஒன்பதுக்கு ரசா அழைத்தாள்,
கேமராவை அணைத்துவிட்டு.
தர வேண்டியது ஒரு பட்டியல், இருப்பது ஒரு பட்டியல்,
ஒட்டிப் பாருங்கள் என்றாள்.
நாற்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு யூரோ
ஒட்டவில்லை.
கெல்வின் ஓங் மூன்று முறை கூட்டினான்.
பின்னோக்கி நடந்தோம்,
டிசம்பர், நவம்பர், அக்டோபர்.
ஒவ்வொரு மாதமும் இருபத்தேழாம் தேதி
தனிக் கணக்கிலிருந்து ஒரு கைமாற்று,
"தற்காலிகம்" என்ற குறிப்போடு.

இருபத்தெட்டு எங்கள் சம்பள நாள்.

காப்பி இயந்திரம்
தானாகத் தன்னைக் கழுவிக்கொள்ளும் சத்தம் கேட்டது.
வேறெதுவும் கேட்கவில்லை.

லாரி ஓட்டும் விதாஸ் ஏழாவது தடவையாக எழுதியிருந்தார்.
இருநூற்றுப் பன்னிரண்டு யூரோ,
குளிர்கால டயருக்கு வைத்தது, எங்கே?
பதில் எண் பதினான்கு:
"உங்கள் பணம் பாதுகாப்பாக உள்ளது."
அதை மதியமே பூட்டிவிட்டார்கள்.
பதில் எண் முப்பத்தொன்று திறந்திருந்தது:
"உங்கள் கோரிக்கை பதிவாகியுள்ளது."
அனுப்பினேன்.
அனுப்பியதும் பதிவானது.

கடைசி ரயில். லிஃப்ட் வேலை செய்யவில்லை.
நாலாம் மாடிப் படியில் அக்கா
மடியில் உறையோடு உட்கார்ந்திருந்தார்.
"இந்த மாசம் உன் முறை. மூவாயிரத்து அறுநூறு, எண்ணிக்கோ."

அதில் என் முந்நூறு இருக்கிறது.
என் முந்நூறில்
விதாஸின் ஒரு டயர் இருக்கிறது.

"என் முறையத் தள்ளி வைங்கக்கா."
"வேலை போச்சா?"
"அது நாளைக்குத்தான் தெரியும்."
"பின்ன என்னா?"
நெய், கை, கண்டம்,
எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

அக்கா கண்ணாடியை மாட்டி நோட்டைத் திறந்தார்.
என் பெயருக்கு நேரே பேனா முனையை வைத்தார்,
எடுத்தார்.
"நான் மட்டும் மாத்த முடியாது.
மத்தப் பத்துப் பேரையும் கேக்கணும்."

உறையை நோட்டுக்குள் வைத்து
ரப்பர் வளையம் போட்டார், இரண்டு சுற்று.